மூன்று அசல்கள்

கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் எழுதுகிறவரை எல்லாரும் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னல். சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பி.எல். என்ற சீட்டுக்கு மூன்று அசல்கள் உண்டு. சரக்கை வரவழைத்த பார்ட்டி பணம் கட்டும்வரை மூன்றும் வங்கியில் இருக்கும். பிறகு ஏதாவது ஒன்றை முதலில் நீட்டியவருக்குச் சரக்கு. மற்ற இரண்டும் அந்த நிமிடமே வெறும் காகிதம். இதை நம்பி உலகம் எப்படி வியாபாரம் செய்கிறது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த விளங்காமைதான் அவரை ஓரளவு நல்ல குமாஸ்தாவாக வைத்திருந்தது.

அன்று ஜன்னலில் நின்றது அவர் மனைவியின் தம்பி. துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான். கையில் முதல் பெரிய பார்ட்டியின் சீட்டு: ஒரு கண்டெய்னர் செம்புக் கம்பி.

“மாமா, லாரி கேட்ல நிக்குது. சீக்கிரம்.”

அவர் சீட்டைத் திருப்பினார். வங்கி முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. மூலையைத் தடவினார். இரண்டு வங்கிகளைக் கடந்து வரும் சீட்டை மேசைக்கு மேசை யாராவது பின் அடித்துப் பிடுங்கியிருப்பார்கள். இதில் ஓர் ஓட்டைகூட இல்லை.

“பேங்க்லேருந்து யாரு வாங்கினா?”

“பார்ட்டிதான். ஏன்?”

“ரொம்பச் சுத்தமா இருக்கு.”

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் சிரித்தாள். “சார் தன் கல்யாணப் பத்திரிகையையே வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தவராம். நீ உக்காரு தம்பி.”

“சொந்தக்காரன்னுகூடப் பார்க்க மாட்டீங்களா? அக்காகிட்ட சொல்றேன்.”

“சொல்லு மாப்ள. அதுக்குள்ள நான் ஒரு போன் பண்ணிக்கிறேன்.”

வங்கிக்காரர் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். “மூணு அசலும் இங்கதான் சார் இருக்கு. பார்ட்டி இன்னும் பணமே கட்டலையே!”

போனில் வந்த குரல் மைத்துனனுக்கும் கேட்டது. அவன் முகம் வெளுத்தது. ஏமாந்தவன் முகமும் அகப்பட்டவன் முகமும் ஒரே மாதிரிதான் வெளுக்கின்றன. அவர் உற்றுப் பார்த்தும் பயனில்லை.

“சத்தியமா எனக்குத் தெரியாது மாமா.”

மேனேஜருக்குப் போகும் அறிக்கையில் போலிச் சீட்டைக் கொண்டுவந்தவர் பெயர் வேண்டும். எழுதினால் லைசென்ஸ் தப்புவது சந்தேகம். எழுதினார்.

சற்று நேரத்தில் மனைவியின் போன் வந்தது. “அவன் அப்படிச் செய்வானா? நீங்க என்ன நினைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க.”

“விசாரணைக்கு அவன்கூட நானும் போறேன்.”

அவள் கேட்டது அது இல்லை. இரண்டு பேருமே போனை வைக்காமல் இருந்தார்கள்.