காக்கை உட்கார்ந்த தலை

கோயமுத்தூரில் நான் வேலை பார்த்த பம்புசெட் கம்பெனி ஆபீசுக்கு ஒரு நாள் அண்ணன் போன் செய்தான். தொண்ணூறுகளில் எங்கள் ஊர் வெள்ளகோவிலிலிருந்து போன் என்றாலே கெட்ட சேதிதான்.

“அம்மணி, அப்பா போயிட்டாரு. உடனே பொறப்பட்டு வா.”

அப்பாவும் நானும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு வேலைக்கு வந்தவள் நான். “இனி இந்த ஊட்டுப் படிய மிதிச்சுப்போடாதே” என்றார். எனக்கும் வீம்பு. அவராகப் பேசட்டும் என்று காத்திருந்தேன்.

கரூர் பஸ்ஸில் ஏறியதும் வீம்பெல்லாம் போய்விட்டது. பல்லடம் தாண்டுவதற்குள் அழுது அழுது கண் வீங்கிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். “எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசாம இருந்துபோட்டனுங்க” என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்து சந்தகை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அந்த நிமிஷம் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம் அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

“காக்கா உங்கப்பா தலைல உக்காந்துபோட்டுது கண்ணு. அது சாவுச் சகுனமாச்சே. செத்துட்டாருன்னு பொய்ச்சேதி சொல்லி, ரத்த சொந்தம் ஒண்ணு நெசமா அழுதுபோட்டா கழிஞ்சுருமாம்.”

அப்பா என் வீங்கிய கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “நல்லாத்தான் அழுதிருக்கறா. இவ அழுவாளான்னுதான் எனக்குச் சந்தேகம்.”

என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி தட்டுக்குக் குனிந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருஷ்டிக்கு உடைக்கிற பூசணிக்காய்க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சில வருடம் கழித்து அண்ணன் மறுபடி போன் செய்தான். இந்த முறை வாசலில் பந்தல் இருந்தது. அதுவரை அப்பா என்னிடம் பேசவே இல்லை. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

“பெத்த அப்பனுக்கு அழுவாத கல்நெஞ்சுக்காரி” என்று பெரியம்மா என் காதுபடவே சொன்னாள்.

நான் எப்போதோ அழுது முடித்துவிட்டேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.