ரிங்கோசாருக்கு எட்டுப் பல்

கொல்லங்கோட்டுப் பள்ளியின் சாஸ்திரமேளாவுக்கு, அதாவது அறிவியல் கண்காட்சிக்கு, எங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தவர்கள் நானும் மாமாவும் ஒரு ரிங்கோசாரும். அப்பா வரவில்லை, அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அம்மாவும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், அங்கே போய் என்ன பேசுவதென்று அவளுக்குப் பயம். பேச்சுக்கு மாமாதான். அவருக்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகு.

ரிங்கோசார், டைனோசர்கள் தலையெடுத்த காலத்து ஊர்வன. பன்றி அளவு உடம்பு, முன்வாயில் பல்லுக்குப் பதில் கிளிபோல அலகு. கோதாவரிப் பக்கம் அதன் எலும்புகள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. நான் மூங்கிலும் வைக்கோலும் களிமண்ணும் வைத்துச் செய்திருந்தேன். பரிசு கிடைத்தால் பாலக்காட்டில் ஜில்லா மேளா. ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் பாலக்காடு போக எனக்கு அது ஒன்றே வழி.

முந்தின நாள் சாயங்காலம், நாலு காலில் எது நின்றாலும் பார்ப்பதுபோல, மாமா அதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஏன்டா கண்ணு, முன்னாடி ஒத்தப் பல்லு இல்லியே! கிழடுன்னு தள்ளிருவாங்கடா."

"இது அப்படித்தான் மாமா. அலகு."

அவர் எழுந்து மக்காச்சோளம் காயப்போட்டிருந்த பக்கம் போனார்.

மறுநாள் நடுவராக வந்த சார் மலையாளத்தில் கேட்டார்: "மோனே, இதினு முன்பல்லு உண்டோ?"

"இல்ல சார், அலகு மட்டும்தான்" என்று கம்பீரமாக வாயைத் திறந்து காட்டினேன். கீழ்த்தாடையில் வரிசையாக எட்டு மக்காச்சோள மணிகள் இளித்தன.

சாருக்குச் சிரிப்பில் கண்ணாடி நழுவிற்று. மாமா முன்னால் வந்தார்: "எட்டுப் பல்லும் நெறஞ்ச வாயிங்க சார். இன்னும் பத்து வருசம் உழவுக்குத் தாங்குமுங்க."

பரிசு பக்கத்து மேசை எரிமலைக்குப் போனது. நான் ரிங்கோசாரைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாமா அருகில் வந்து உட்கார்ந்தார். பிறகு தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, அதற்கடியில் ஒரு விரலைப் பிடித்தார். கூச்சத்தில் கையை இழுத்தேன். இரண்டு விரலைப் பிடித்தார். மறுபடி இழுத்தேன். மூன்றாம் முறை மூன்றையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார்; இழுக்க முடியவில்லை.

"உங்கொப்பனுக்கு மேல இருக்கியேடா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமா, அம்மாவின் கையில் எதையோ திணித்துவிட்டு, ரிங்கோசாரை டெம்போவில் ஏற்றித் தன் மாட்டுக் கொட்டகை வாசலில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். என் அழுகையை நிறுத்தத்தான் விரலைப் பிடித்து விளையாடினார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், துண்டுக்கடியில் விரலால் சொல்வார்கள் என்பதோ, கையை இழுத்தால் 'பத்தாது' என்று அர்த்தம் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. விரலுக்கு ஆயிரம். மூவாயிரம் ரூபாய்.