'வேணாம்' பட்டாபிராமன்

லேப்டாப்பை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார் பட்டாபிராமன். கடைக்காரர் திரையைத் திறந்து, கலர் கலராக எதையோ ஓடவிட்டு, "பாருங்க சார், எப்படி ஜொலிக்குது!" என்று ஆரம்பிப்பதற்குள் இவர் மூடியைச் சாத்தி அதைப் புரட்டிப் போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடிப்பக்கத்தில் காற்று போகிற துளைகளை விரலால் தடவுவார். பிறகு சார்ஜரை வாங்கித் தனியாகத் தூக்கிப் பார்த்து, "சார்ஜரா இது, செங்கல்லா?" என்பார். அப்புறம் ஏதாவது ஒரு விளையாட்டைப் போட்டு ஓடவிடச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் பேச்சே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அரை மணி ஆனதும் எழுந்து வந்து, இயந்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"வேணாம் சார்."

ஐம்பத்து நான்கு வயது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் சொந்த வீடு. வேலை தொலைபேசி நிலையத்தில். கம்ப்யூட்டருக்கும் அவருடைய உத்தியோகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என்றைக்கோ ஒரு நாள் ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி வந்து தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி ஓடவைத்தார். அது வெளியே தெரிந்துவிட்டது. அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை. பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கூட இவர் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஏதாவது ஒரு ஹாரன் அடிக்கும். அவர் மனைவி எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். "வந்தாச்சு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். கூலி, திரும்பும் வழியில் ஒரு காபி.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் இந்தக் கேமிங் லேப்டாப் வந்து சேர்ந்தது. ராஜீவ் காந்தி சாலை கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அதன்மேல்தான் கண். பட்டாபிராமனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. மனப்பாடமாக ஒப்பிப்பார்: "நாலு கிலோ வெயிட். மடியில வெச்சா தொடை வெந்துடும். ஃபேன் போடற சத்தத்துல பக்கத்துல ஒருத்தர் பேச முடியாது. பேட்டரி ஒரு மணி நேரம். நம்ம ஊர்ல கரண்ட் போறது ரெண்டு மணி நேரம். கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னா மாத்த வழியில்ல, மொத்தமா தூக்கிக் கடாச வேண்டியதுதான். பாதி விலைக்கு டெஸ்க்டாப் பண்ணித் தரேன், இதைவிட வேகமா ஓடும். என்னத்துக்கு இது?" ஒவ்வொன்றும் உண்மைதான். எவரும் மறுத்துப் பேச முடியாது.

ஆனால் அந்த 'வேணாம்' முழுக்க அறிவிலிருந்து வந்ததில்லை. ஆரம்ப காலத்தில் அவரும் 'வாங்குங்கோ' என்று சொன்னவர்தான். அவர் சொல்லி வாங்கியதில் ஏதாவது ஒன்று புகைந்தால், காலையில் பல் விளக்கும்போதே போன் வரும். "நீங்க சொல்லித்தானே சார் வாங்கினோம்?" அதைக் கேட்டுக் கேட்டு மனுஷர் களைத்துப்போனார். வேணாம் என்று சொன்னதற்காக இதுவரை எவரும் போன் செய்ததில்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒரு வார்த்தையில் வந்து ஒண்டிக்கொண்டார்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரன் அடித்தவர் மோகன்ராஜ். பெரும்பாக்கத்துக்காரர். பரம்பரை நிலத்தில் பாதியை விற்று, மீதியில் மணல், ஜல்லி, செங்கல் வியாபாரம் செய்கிறவர். பட்டாபிராமன் வீடு கட்டியபோது மணல் இறக்கியதில் தொடங்கிய பழக்கம், பதினாறு வருஷமாகிறது. ஒரே மகன் பரணி கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். மனைவி கீதாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பட்டாபிராமனுக்கு எல்லாம் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறார், நினைத்ததோடு சரி.

"பரணிக்கு ஒரு லேப்டாப் சார். நல்லா கேம் ஓடணும்" என்றார் மோகன்ராஜ்.

மேற்குத் தாம்பரத்தில் சேட்டு கடைக்குப் போனார்கள். பெயரைப் பார்த்து மார்வாடி என்று நினைக்க வேண்டாம், சேட்டு மண்ணிவாக்கத்துக்காரர். பட்டாபிராமன் தலையைக் கண்டதுமே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு மாதமாகக் கிடந்த பதினேழு அங்குலக் கருப்புப் பூதத்தை எடுத்து வைத்து, கார் ரேஸ் ஒன்றைப் போட்டுவிட்டார். "நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணா" என்று மோகன்ராஜைச் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டார்.

மோகன்ராஜ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். செங்கல் எண்ணிக் காய்ப்பேறிய விரல்கள் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் சரியான பட்டன்களில் போய் அமர்ந்தன. முதல் வளைவிலேயே மூன்று கார்களை முந்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு அவர் ஓட்டிய ஓட்டத்தைச் சேட்டு வாய் பிளந்து பார்த்தார். பட்டாபிராமனும் பார்த்தார். அரை மணி ஆனது. எழுந்து போய் உள்ளங்கையை வைத்தார். கொதித்தது.

"வேணாம் மோகன்ராஜ்."

"செரி சார்" என்று உடனே எழுந்துவிட்டார் மோகன்ராஜ். ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டாபிராமனுக்கு அதுதான் உறுத்தியது. எதிர்த்துப் பேசுகிறவர்களையே பார்த்துப் பழகியவர் அவர்.

வெளியே வண்டியை எடுக்கும்போது மோகன்ராஜ் சாவியைப் போடாமல் நின்றார். "பரணிக்கு இல்ல சார். எனக்குத்தான்."

அது பட்டாபிராமனுக்குக் கடைக்குள்ளேயே தெரிந்துவிட்டிருந்தது.

"நாலு மணி நேரம் சார். அவ கையில ஊசிய குத்திக்கினு படுத்துகினு கீறா. நான் பக்கத்துல குந்திகினு அந்த மிஷினையே பாத்துகினு கீறேன். அது ஒரு வாட்டி கத்திச்சின்னா எனக்கு உசிரு போய் உசிரு வருது. வூட்ல பரணியோட பழைய கம்ப்யூட்டர்ல இந்தக் காரை ஓட்டுவேன். ஓட்டறப்ப ஒரு அஞ்சு நிமிஷம் எல்லாம் மறந்துபூடுது சார்."

"பேப்பர் படிக்கலாமே?" என்றார் பட்டாபிராமன். கேட்ட மறுகணமே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"எழுத்து மண்டையில ஏற மாட்டேங்குது." மோகன்ராஜ் கீழே பார்த்துக்கொண்டு பேசினார். "பொண்டாட்டி இப்டி கெடக்கறா, இவன் பொம்ம காரு ஓட்டிகினு கீறான் பாருன்னு ஜனம் பேசும். எங்க அண்ணனே மொதல்ல பேசுவாரு. பட்டாபி சார்தான் வாங்கச் சொன்னாருன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். அதான் உங்கள இட்டாந்தேன். இன்னா பண்றது, நீங்களும் வேணாம்னுட்டீங்க."

பட்டாபிராமனுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷமாகப் பொருளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது மனச்சாட்சிக்கும் கையெழுத்துக் கேட்கிறார்களா? "யோசிச்சு சொல்றேன்" என்றார். அன்று காபிகூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே படுத்தவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நண்பன் மனைவியை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காதவன், அவன் என்ன செய்து நேரத்தைக் கடத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அவருக்கே கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு டஜன் சாத்துக்குடியும் இரண்டு இளநீரும் வாங்கிக்கொண்டார். கீதா அதைப் பார்த்துவிட்டுச் சோர்வாகச் சிரித்தாள். "எனக்கு ரெண்டும் ஆவாது சார். தண்ணியே அளந்துதான் குடிக்கணும்." சார்ஜரின் அடியில் எறும்பு எழுத்தில் இருப்பதைக்கூட விடாமல் படிக்கிற மனுஷர், டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் வாங்கி வந்திருந்தார். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ்தான் வாங்கி ஓரமாக வைத்தார்.

எட்டுக் கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷின், ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஏசி எலும்பைத் துளைத்தது. கீதா கழுத்துவரை கம்பளியைப் போர்த்தியிருந்தாள். ஊருக்கே கரண்ட் போகிற மூன்று மணிக்கு ஜெனரேட்டர் ஒரு கணம்கூடத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. பட்டாபிராமன் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் வழக்கம்போல் பேசாமல் கவனித்தார். சூடு, சத்தம், பேட்டரி என்று அவர் ஒப்பிக்கிற குற்றப்பத்திரிகையில் ஒன்றும் இந்த அறைக்குள் செல்லாது. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பூதத்தை வைத்து ஓட்டத் தோதான ஒரே இடம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அதை நினைக்கத் துக்கமாக இருந்தது.

மோகன்ராஜ் மனைவியின் முகத்தைப் பார்ப்பார், மிஷினைப் பார்ப்பார், மறுபடியும் முகத்தைப் பார்ப்பார். கடையில் காரை ஓட்டியவர் இவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஐந்து நாளில் பத்து வயது கூடியவர்போல் உட்கார்ந்திருந்தார். "சாருக்கு டீ வாங்கியாறேன்" என்று அவர் எழுந்து போனதும் கீதா குரலைத் தாழ்த்தினாள்.

"கம்ப்யூட்டர் கடைக்கு உங்கள இட்டுகினு போனாராமே. எந்த மாடல் நல்லதுன்னு பரணிகிட்ட கேட்டிருக்காரு, அவன் போன்ல சொல்லிட்டான். நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்களா சார்?"

"இல்லம்மா... அது வந்து, சூடு ஜாஸ்தி..." என்று இழுத்தார் பட்டாபிராமன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நாலு மணி நேரமும் என் மூஞ்சியவே பாத்துகினு குந்திகினு கீறாரு. நான் செத்த நேரம் கண்ண மூடினா போதும், செத்துட்டனோன்னு தோளைத் தட்டி எழுப்பறாரு. ஆறு மாசமா இதே பேஜாரு. அவருக்காவ நான் முழிச்சினு படுத்திருக்கேன் சார்." கண்ணோரம் நனைந்ததை ஊசி இல்லாத கையால் துடைத்துக்கொண்டாள். "அவரு எதையாவது பாக்கட்டும். நான் கொஞ்சம் தூங்கறேன்."

மோகன்ராஜ் மூன்று டம்ளர் டீயோடு வந்தார். மூன்றாவது டம்ளர் யாருக்கு என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. அதை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பட்டாபிராமனின் முகத்தைப் பார்த்தார். என்ன யோசித்தீர்கள் என்று கேட்கவில்லை.

பட்டாபிராமன் எழுந்தார். டீயை ஸ்டூலில் வைத்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் லேசாக இழுத்துவிட்டுக்கொண்டு, வலிக்கிற மூட்டை ஒரு கையால் பிடித்தபடி மெல்லத் தரையில் மண்டியிட்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்து, சுவரில் இன்னொரு பிளக் பாயிண்ட் காலியாக இருக்கிறதா என்று கையால் துழாவினார்.