மேல்வரிசைக் கடைவாய்ப் பல்

தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பல் டாக்டரின் கழுத்துவலி யாருக்கு வந்தால் தெரியும் என்பதற்கு ஒரு பழமொழியும் இல்லை. கள்ளக்குறிச்சியில் கிளினிக் போட்ட நாளிலிருந்து தேடுகிறேன்.

காலையிலிருந்து குனிந்தே கிடந்த ஒரு சாயங்காலம், வெள்ளிமலைப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர் மனைவியோடு வந்தார். கிராம்பு, புகையிலை, கற்பூரம் எல்லாம் வைத்துப் பார்த்து, கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிய பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது. மேல் கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை. எடுத்தாக வேண்டும் என்றேன்.

"மேல் பல்ல புடுங்கினா கண்ணு பூடும்ங்க," என்றார் அந்தம்மா. "இவுரு கண்ண நம்பித்தான் அந்த மலை வளைவுல சனம் ஏறிக்கினு வருது."

"பல்ல விட்டாத்தாம்மா கண்ணுக்கு ஆபத்து. சீழு மேல ஏறுது."

"மாத்திர குடுங்க, போதும்."

படம் வரைந்து காட்டினேன். கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு என்று தொண்டை வறளச் சொன்னேன். வெளியே பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "உள்ள இன்னா, பல்லு புடுங்கறாங்களா, பஞ்சாயத்து பண்றாங்களா? கடைசி பஸ்சு பூடும்!" எல்லாருக்கும் பஸ் அவசரம். அந்த அவசரமெல்லாம் என் கழுத்தில்தான் ஏறி உட்காரும்.

கடைசியில் வலி ஜெயித்தது. ஜீப்காரர் மனைவியின் கையை விலக்கிவிட்டு வாயைத் திறந்தார். நான் பல்லைப் பார்த்து எடுக்க, அந்தம்மா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சில நாளில் வீக்கம் வடிந்து கண் நன்றாகத் திறந்துகொண்டது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று இருந்தேன். வந்ததோ வேறு. கொஞ்ச காலம் கழித்து மலையிலிருந்து வந்த ஒருத்தரும் மேல் பல்லைத் தொட விடவில்லை. "ஜீப்காரருக்குக் கண்ணு பூட்ச்சே, தெரியாதா?" என்றார்கள். விசாரித்தால், நாற்பதைத் தாண்டிய மனிதருக்குப் பேப்பர் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி. அவ்வளவுதான்.

ஒருநாள் அந்தக் கண்ணாடியோடு அவரே வந்தார், மனைவிக்குப் பல்வலி என்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"வயசானா எல்லாருக்கும்தான் கண்ணாடி வரும்! இதுக்கும் பல்லுக்கும் இன்னா சம்பந்தம்?"

என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை நிதானமாகப் பார்த்தார். "நீங்க எந்தப் பல்ல புடுங்கினீங்க சார்?"

பெஞ்சே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவளுக்குக் கீழ்ப் பல்லுதான் சார். தைரியமா புடுங்குங்க."

குனிந்தேன். லைட்டைத் திருப்பினேன். கீழ்ப் பல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் முத்து மாதிரி இருந்தன. சொத்தை மேலே.