முப்பது முட்டையில் ஒரு திட்டு

தீவனத்தில் அரைத்துப் போடும் கருவாட்டின் நாற்றம் பாவாடை நுனியிலிருந்து தலைமுடிவரை ஏறிவிடும் என்பதால், பள்ளியில் கோழிப்பண்ணைக்காரர் மகளான என் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டவள் கோமதி ஒருத்திதான். எருமப்பட்டியில் அவள் அப்பாவின் முட்டைக்கடைக்கு எங்கள் பண்ணை முட்டைதான் போகும், ஆகவே அவளிடமும் அதே மணம்.

எங்களுக்கு இன்னொரு பைத்தியமும் பொது. எதிர்காலத்தில் நடப்பதாகப் பெரியவர்களுக்கென்று எடுத்த ஓர் இங்கிலீஷ் கார்ட்டூன் கேலித் தொடர். "பொம்மப் படந்தானுங்க, பாக்கட்டும்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதால் தப்பித்தோம். அதில் ரோபோக்கள் ஒன்றையும் சைபரையும் மட்டும் வைத்துச் சண்டை போடும். கம்ப்யூட்டர் டீச்சர் அதே ஒன்றையும் சைபரையும் பாடமாக எடுத்தபோது நாங்கள் இருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்து, வகுப்புக்கு வெளியே நின்றோம்.

ஆளுக்கொரு போன் இல்லாத அந்தக் கோடை விடுமுறையில் முட்டை அட்டைதான் எங்கள் தபால். வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை. மழுங்கிய பக்கம் மேலே நின்றால் ஒன்று, கூர்ப்பக்கம் மேலே நின்றால் சைபர். ஐந்து முட்டைக்கு ஓர் இங்கிலீஷ் எழுத்து. தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் ஐந்து முட்டைக்குள் அடங்காது என்பதால் தாய்மொழியைக் கைவிட்டோம். செய்தி அட்டையின் மூலையில் நீல நூல் கட்டி, கடைக்குப் போகும் அடுக்கின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் செருகிவிடுவேன். திரும்பி வரும் காலி அட்டையில் கோமதி பென்சிலால் எழுதிப் பதில் அனுப்புவாள்.

பதினொன்றாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் சேரப்போவதை அவள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் மறைத்தாள். விஷயம் எனக்கு எட்டிய மறுநாள் காலி அட்டை வந்தது: "ஞாயித்துக்கிழம என்னய வழியனுப்ப வாரியா? ஒன்னா, சைபரா?" ஒன்று என்றால் வாரேன், சைபர் என்றால் மாட்டேன்.

வெறும் சைபர் என் கோபத்துக்குப் போதவில்லை. PODIPO, போடி போ, என்று ஆறு எழுத்தை அடுக்கினேன். பதினேழு முட்டைகள் சைபராய்த் தலைகீழ். ஆத்திரத்தில் அட்டையை அடுக்கின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

முட்டை வண்டி கிளம்பிய பிறகுதான் புத்தி வந்தது. அவள் ரோஷக்காரி, அதைப் படித்துவிட்டால் ஜென்மத்துக்கும் முகம் பார்க்கமாட்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை அவள் அப்பாவின் வண்டி பண்ணை வாசலில் வந்து நின்றது. கோமதி குதித்திறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒரு ஒன்னு வெச்சாப் பத்தாதா புள்ள? முப்பதும் ஒன்னா வெச்சிருக்கியே! நீயே வாரேன்னு சொல்லிப்போட்டே, அதான் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

அதைக் கேட்ட, எங்கள் பண்ணையில் முட்டை தரம்பிரிக்கும் அங்கம்மா அக்கா என் காதருகில் வந்து மெல்லச் சொன்னார்: "நூல் கட்டுன அட்டையில பாதிக்கு மேல தலகீழா நின்னுது சாமி. அப்படி வெச்சா முட்டை கெட்டுப்போயிருமுல்லங்க? நாந்தான் திருப்பி வெச்சேன். எந்தக் குருட்டுக் கழுத அடுக்குச்சோ!"

அந்தக் கழுதை வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறி, ஹாஸ்டல் வாசல்வரை அழுதுகொண்டே போய்விட்டு வந்தது.

இன்று பிறர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்களில் பிழை தேடுவது என் பிழைப்பு. பண்ணையில் பென்சில் ஒட்டாத பிளாஸ்டிக் அட்டைகள் வந்துவிட்டன, முட்டையைத் திருப்பி வைக்க மெஷின் இருக்கிறது, அங்கம்மா அக்கா கெங்கவல்லியிலிருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். கோமதி மட்டும் இன்னமும் போகிற கல்யாண வீடெல்லாம் "முப்பது வாட்டி வாரேன்னு சொன்னவ இவ" என்று என்னைக் காட்டுகிறாள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசும்.

கோமதி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதில் பதினேழு அங்கம்மா அக்கா சொன்னது. ஆனால் நேற்றுதான் எண்ணிப் பார்த்தேன்: போடி போ என்று திட்டியபோதே, பதின்மூன்று முறை வாரேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.