அணைத்தால் மிச்சம் என்று நினைத்தவர்கள்

ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேரில் பாதி வேலை மெஷினோடு; மீதி வேலை, கரண்ட் பில்லுக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் அதை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதோடு. நீங்களும் பயந்தவர்கள்தான், நானும்தான். அதனால் இதில் வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிபாளையத்தில் பதினெட்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு.

பகலில் ஓய்வெடுத்த ஃபிரிட்ஜ்

சரசு அக்கா தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். ஃபிரிட்ஜில் தண்ணீர் வடிகிறது என்று கூப்பிட்டிருந்தார். பார்த்தால் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. தினமும் காலையில் கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, சாயங்காலம் வந்துதான் போடுவாராம். ஆளில்லாத நேரத்தில் அது எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார்.

உள்ளே ஒருமுறை நன்றாகக் குளிர்ந்துவிட்டால் ஃபிரிட்ஜ் விட்டுவிட்டுத்தான் ஓடும், சூடேறவிட்டால் அந்தக் குளிரை மறுபடி உண்டாக்க நெடுநேரம் ஓடும், பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பதுதான் கெடும் என்றேன். எதெல்லாம் கெடும் என்றார். பால், மாவு என்று சொல்லிக்கொண்டே கதவுத் தட்டைப் பார்த்தேன். மூன்று இன்சுலின் பாட்டில்கள் இருந்தன.

அவர் கணவருக்கானவை. அளவைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, போன மாதம் ஒரு கால் விரலை எடுத்துவிட்டார்கள் என்று அக்காவே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. இதனால்தானா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும், பாட்டில்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றேன். கணவர் உள்ளறையில் படுத்திருந்தார். அக்கா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க தம்பி. நானே சொல்லிக்கிறேன். எப்பன்னுதான் தெரியல.”

பதினாறு டிகிரி

குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ராஜேந்திரன், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்காக ஏசி வாங்கியிருந்தார். பெரியவருக்குப் பேச்சும் போய்விட்டது. சர்வீசுக்குப் போனபோது ரிமோட்டில் பதினாறு இருந்தது. அப்படி வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும், உடனே அணைத்துவிடலாம், கரண்ட் மிச்சம் என்று நினைத்திருக்கிறார். தறிக்குப் போனவர் அணைக்க மறந்துவிடுவதும் உண்டாம்.

எந்த எண்ணில் வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான், பதினாறில் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் என்றேன். பெரியவர் நன்றாக இருக்கும் ஒரு கையால் போர்வையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. இருபத்தாறில் வைத்துவிட்டு வடிகுழாயைச் சுத்தம் செய்தேன். முடிப்பதற்குள் அவர் பிடி தளர்ந்திருந்தது. ராஜேந்திரன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டுன அன்னைக்கு, நல்லா இருக்குதாப்பான்னு கேட்டேனுங்க. தலையாட்டுனாரு. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல.”

ஜீரோ வாட்

இதில் தப்பு என்னுடையது. நாமகிரிப்பேட்டை பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கண்டக்டர் வீட்டு வாஷிங்மெஷினைப் பார்க்கப் போயிருந்தேன். பட்டப்பகலிலும் அந்த வீட்டில் எரிந்துகொண்டிருந்தது, இறந்துபோன மகளின் படத்துக்கு மேலே இருந்த சின்னச் சிவப்பு பல்பு ஒன்றுதான். அது ஜீரோ வாட், கரண்டே எடுக்காது என்றார் அவர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பேர்தான் ஜீரோ, அந்தப் பழைய பல்பு பத்துப் பதினைந்து வாட் இழுக்கும், ராத்திரி பகலாக எரிந்தால் சேர்ந்துகொண்டேதான் போகும் என்று விளக்கினேன். அவர் எழுந்துபோய் சுவிட்சில் கை வைத்தார். எனக்கு ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. பையில் எல்இடி பல்பு இருக்கிறது, மாட்டித் தருகிறேன் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“உசுரோட இருக்கறப்ப, லைட்டை அணைக்காம போறாளேன்னு தெனமும் திட்டுவேன் சாமி. இது எத்தன இழுத்தாலும் எரியட்டும்.”

ஊருக்கெல்லாம் கரண்ட் மிச்சம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த புண்ணியத்தில், நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் யாராவது அவசரமாக எழுந்து ஒரு சுவிட்சை அணைக்கிறார்கள்; இப்போதெல்லாம் நானே போய் அதைத் திரும்பப் போட்டுவிடுகிறேன்.