இறங்காத பொறாமை

அக்கா புரோகிராம் எழுதினாள். தங்கை வசனம் எழுதினாள். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. செய்துகொண்டிருந்தது ஒரு கதை விளையாட்டு. திரையில் படமும் பேச்சும் வரும். யாருக்கு யார் என்ன உறவு என்பதை ஆடுபவரே வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெண்களைச் சகோதரிகளாக்கினால், யார் மூத்தவள் என்று விளையாட்டு கேட்கும்; அதற்கேற்ப ‘வாக்கா’வும் ‘வாடி’யும் தானாக மாறிக்கொள்ளும். ஒருத்தியைப் புகழ்ந்தால் மற்றவளுக்குப் பொறாமை ஏறும். அத்தனையும் அக்காவின் மூளையில் பிறந்தவை.

முதலாளியின் கண்ணில் அது படவில்லை. “உன் வசனம்தாம்மா இதுக்கு உயிரு” என்று தங்கையிடம் சொன்னவர், முகப்புத் திரையில் அவள் பெயரை மட்டும் போடச் சொன்னார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் இதே கதைதான். சின்னவள் சிரித்தால் விருந்தாளிகள் அவள் பக்கம். பெரியவள் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போவாள். பொறாமை கெட்ட குணம் என்று உபதேசிப்பவர்களில் பாதிப் பேர் பங்கைக் குறைத்துக் கொடுத்தவர்கள்தாம்.

ஒருநாள், விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழை பிடிக்கும் டெஸ்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“மேடம், கேம்ல அந்த மூத்தவ எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறா. பொறாமை ஏறுதே தவிர இறங்க மாட்டேங்குது.”

அக்கா புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ஏற்றுவதற்கு வரி இருந்தது; இறக்குவதற்கு ஒன்றுகூட இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

தங்கை எட்டிப் பார்த்தாள். “இதுக்கு ஏன்க்கா மண்டைய உடைச்சுக்கிற? தங்கச்சி கட்டிப்புடிச்சு நாலு நல்ல வார்த்தை சொன்னா இறங்குற மாதிரி வை. வசனம் நான் தரேன்.”

“நல்ல வார்த்தைக்கெல்லாம் இறங்காது.”

“வேற எதுக்கு இறங்குமாம்?”

“அவளுக்குச் சேர வேண்டியது அவ கைக்கு வந்தா.”

தங்கையின் சிரிப்பு நின்றது. “முதலாளிகிட்ட நான் வேணா சொல்லட்டுமா?”

“நீ வாங்கிக் குடுத்து நான் வாங்கிக்கணுமாக்கும். நானே கேட்டுக்குறேன்.”

கேட்டாள். “பேருல என்னம்மா இருக்கு? நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார் முதலாளி.

“குடும்பத்துலதான் சார் இது தினமும் நடக்குது. என் பேரையும் போடுங்க, இல்லேன்னா அவ பேரையும் எடுங்க.”

போட்டார்கள். ஒரே வரி, ஒரே அளவு. ஆனால் அகர வரிசையாம்; தங்கை பெயர்தான் முன்னால்.

அக்கா விட்டுப்போன வரியை எழுத உட்கார்ந்தாள்: பங்கு கிடைத்தால் பொறாமை இறங்கட்டும். எவ்வளவு என்ற இடத்தில் ‘முழுவதும்’ என்று போட்டாள். முகப்பை இன்னொரு முறை பார்த்தாள். அதை அழித்துவிட்டு ‘பாதி’ என்று மாற்றினாள்.